மூன்றாவது சென்சார்

"மூணாவது ஆக்சிஜன் சென்சார் சார் இது. இதுவும் செத்துடுச்சு" என்று சாவியை மேசைமேல் வைத்தாள் டாக்சிக்காரி.

எஞ்சின் புகையை அளந்து சொல்லும் சென்சார் அது; நாளை புகைச் சோதனை. தேறாவிட்டால் பெர்மிட் போய்விடும். அவளும் மகளும் பிழைப்பது அந்த ஒரு காரை வைத்துத்தான். அதை அவளுக்கு விற்ற அண்ணனும் கூடவே வந்திருந்தான்.

மெக்கானிக் ஷெட்டுக்காரனை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "டூப்ளிகேட் சரக்கு! வேறென்ன? நல்லதா ஒண்ணு மாட்டினா முடிஞ்சுது" என்று ஸ்பானரைத் தூக்கிவிட்டான்.

"கொஞ்சம் பொறு மச்சான்" என்றார் அவன் அத்தான். விபத்து வண்டிகளை ஆராய்ந்து அறிக்கை தரும் சர்வேயர் அவர்; ஆளுக்கு நிதானம் அதிகம்.

சென்சாரைக் கழற்றினார்கள். நுனியில் வெள்ளைப் பொருக்கு. பழைய இரண்டையும் அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அவற்றிலும் அதே வெள்ளை.

"ரேடியேட்டருக்குக் கூலன்ட் ஊத்துறீங்களாம்மா?"

"தினமும் ஊத்துறேன் சார். பழைய வண்டி, குடிக்கத்தான் செய்யும்னு அண்ணன் சொல்லிச்சு. இல்லண்ணே?"

"நிறுத்துற இடத்துல ஈரம்?"

"சொட்டுகூட இல்ல."

அத்தான் மூன்று சென்சார்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "சென்சாரைத்தானே மாத்தணும்? எஞ்சின் ஹெட்டை எதுக்குக் கழட்டணும்?"

"ஹெட்டைப் பத்தி இங்க யார் பேசினா?" என்று கேட்டார் அத்தான்.

"அட, ஆமால்ல! நான்கூடப் பேசலையே!" என்றான் அவசரம்.

"கீழ சொட்டாத கூலன்ட் எங்க போகும்? எஞ்சினுக்குள்ளதான். எஞ்சின் மேல்மூடியில, அதான் ஹெட்டுல, விரிசல். உள்ள எரிஞ்சு, புகையோட வந்து சென்சார்மேல வெள்ளையாப் படியுது. மூணு சென்சாரும் உள்ளதைத்தான் சொல்லுச்சு. வண்டியைத் திறக்காமலே ஹெட்டுன்னு சொன்னவருக்கு, விக்கும்போதே விஷயம் தெரியும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "விரிசலுக்கு ஒட்டுப் போட்டிருந்தேன். தாங்கும்னு நெனச்சேன்."

கூடப்பிறந்தவளையே நம்ப வைத்துக் கழுத்தறுத்திருக்கிறானே, பாவி! அவசரம் ஸ்பானரைத் தரையில் போட்டான்.

"சரி பண்ண முடியுமா சார்?" என்று அத்தானைக் கேட்டாள் அவள்.

"நாளைக்குள்ள முடியாதும்மா. அப்புறம் பண்ணணும்னாலும் எஞ்சினையே மாத்தணும்."

அவள் அழவில்லை. "மாமா குடுத்த வண்டின்னு எம் பொண்ணு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியுறா. அவகிட்ட நான் என்ன சொல்ல?"

"சென்சார் கோளாறுன்னே சொல்லிடேன்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி.

அவள் மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

"சரிங்க. அப்படியே சொல்லிடறேன்."

அதில் 'அண்ணே' இல்லை என்பதை அவசரம்கூடக் கவனித்தான்.