பிடரியில் ஒரு சிவப்பு

வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே மைத்துனருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அறையைப் பெருக்கிப் பல நாளாகிவிட்டது என்று தன்னையே நொந்துகொண்டு மூக்கைத் துடைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் துப்பறிவாளர் வழக்கம்போல் பாதிக் கண்ணை மூடியபடி இருந்தார். தெரிந்தவர்கள் அவரை 'அரைத்தூக்கம்' என்பார்கள். அவருடைய மனைவிதான் மைத்துனரின் அக்கா. அக்கா தம்பிக்குக் கொடுத்திருந்த பட்டம் 'அவசரக்குடுக்கை'. மாமாவுக்குத் துணையாளாகச் சேர்ந்து இத்தனை காலமாகியும் அந்தப் பட்டத்தை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வந்தவர் ஓர் இளம் தகப்பன். வாசனைத் திரவியக் கடையில் விற்பனையாளர், வேலைக்கு நடுவே வந்திருந்தார். தலைவாரலிலிருந்து காலணி வரை பளிச்சென்று இருந்தார். சட்டையின் இடது கை மட்டும் முழங்கை வரை மடித்து அவிழ்த்ததுபோல் கசங்கியிருந்தது. வலது கையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. இதை மைத்துனரும் கவனித்தார். பிள்ளை பெற்ற வீட்டில் துணியைப் பார்க்க யாருக்கு நேரம் என்று பரிதாபப்பட்டதோடு விட்டுவிட்டார்.

"பிள்ளையைப் பார்த்துக்கிற எங்க ஆயாவைக் கையும் களவுமாப் பிடிச்சுக் குடுக்கணும் சார்" என்றார் தகப்பன்.

இரண்டு மாதக் கைக்குழந்தை. பிடரியிலும் ஒரு காதுக்குப் பின்னாலும் திட்டுத் திட்டாகச் சிவந்து, சொரசொரத்துப் போகிறதாம். ஏதோ வாசனைப் பொருள் படுகிறது, அதை நிறுத்துங்கள் என்று குழந்தை மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வீட்டில் வாசனை என்று எதுவுமே இல்லை. மனைவி கர்ப்பமானதுமே மருத்துவரைக் கேட்டு, முகச்சுருக்கத்துக்குப் போடும் களிம்பை நிறுத்தியாயிற்று. பவுடர் வாசலைக்கூடத் தாண்டவில்லை. பிள்ளைக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், மணமில்லாத கிரீம், நன்றாக அலசிய பருத்தித் துணி. கடையில் வேலை என்பதால் தானும் வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றாமல், கை கழுவாமல் பிள்ளையைத் தொடுவதில்லை என்றார். இவ்வளவு செய்தும் சிவக்கிறது. சனி, ஞாயிறு ஆயா வருவதில்லை, அப்போது அடங்குகிறது. வார நாள் பிறந்தால் மறுபடி தலைகாட்டுகிறது. எனவே அவள் ரகசியமாக எதையோ தடவுகிறாள். இந்த வாரத்தோடு அவளை நிறுத்திவிடப் போகிறார். அதற்குமுன் என்ன தடவினாள் என்று தெரிய வேண்டும்.

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. பொய்யான பாசம் இல்லை என்று மைத்துனருக்கு உடனே தெரிந்தது.

அன்று மத்தியானமே இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். சின்ன வீடு. ஜன்னல் ஓரம் தொட்டில், கொடியில் குட்டிக் குட்டித் துணிகள். தோளில் ஒரு துணியைப் போட்டு, குழந்தையை நிமிர்த்திச் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள் ஆயா. நடு வயது, குறைந்த பேச்சு. மைத்துனர் அவளை விட்டு ஓர் அடி நகரவில்லை. அவள் முகர்ந்தால் முகர்ந்தார், குனிந்தால் குனிந்தார். கடைசியில் அவளுடைய பையிலிருந்து சின்ன டப்பா ஒன்று எட்டிப் பார்த்ததும் புதையல் கண்டவர்போல் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாமா, அகப்பட்டுது."

துப்பறிவாளர் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். வாசனையே இல்லை. குழந்தையின் தாய் குறுக்கே வந்து, அந்தக் கிரீமைத் தானே கொடுத்ததாகச் சொன்னாள். பிள்ளையைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி ஆயாவின் கை வெடித்துவிட்டதாம். ஆயா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மைத்துனருக்கு டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"போகச் சொன்னா போயிடுறேன் சார்" என்றாள் ஆயா. "ஆனா பச்சப்புள்ளைக்கு எதையோ தடவினவன்னு பேரு வந்துட்டா, அப்புறம் எந்த வீட்டுல என்னை உள்ள விடுவாங்க? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. காலைல நான் வர்றப்பவே கழுத்து சிவந்துதான் இருக்கும். சொன்னா கேக்க ஆளில்ல."

துப்பறிவாளர் தாயிடம் ஒன்றுதான் கேட்டார். வார நாளில் ஆயா வராமல் இருந்தது உண்டா? தாய் யோசித்தாள். போன வாரம் நடுவில் இரண்டு நாள் ஆயாவுக்குக் காய்ச்சல். அப்போதும் சிவப்பு இருந்தது. முந்தின நாள் தடவியது இன்னும் போகவில்லை என்று கணவர் சொன்னார், அவளும் நம்பிவிட்டாள்.

சாயங்காலம் தகப்பன் வந்தார். சட்டையைக் கழற்றிக் கையில்லாத பனியனுக்கு மாறினார். குழாயடியில் மணமில்லாத சோப்பால் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை பொறுமையாகத் தேய்த்துக் கழுவினார். பிறகு ஆசையாகக் குழந்தையை வாங்கி, தலையை இடது முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் தூங்கும் வரை இப்படித்தான் என்றாள் தாய்.

துப்பறிவாளர் இப்போது முழுக் கண்ணையும் திறந்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"தடவுறதுன்னா நெஞ்சு, கை, காலுன்னு தடவுவாங்க. பிடரியில மட்டும் யாரும் தடவ மாட்டாங்க. பிடரி எங்கேயாவது சாய்ஞ்சிருக்கிற இடம். ஆயாம்மா பிள்ளையைத் தோள்ல நிமிர்த்தித் தூக்குறாங்க. அவங்க மேல படுறது கன்னம். கன்னம் சுத்தமா இருக்கு."

"சனி, ஞாயிறு அடங்குதே சார்?"

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப அடங்கலையே. சனி, ஞாயிறு இந்த வீட்டுல வேற யாருக்கு லீவு?"

தகப்பனுக்குத்தான். கடை இருப்பது அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அலுவலகத்துக்கு விடுமுறை என்றால் கடைக்கும் விடுமுறை.

"காகிதத் துண்டுல அடிச்சுக் காட்டினா, தோல்ல எப்படி இருக்கும்னு வாங்க வர்றவங்க கேப்பாங்க. நீங்க என்ன செய்வீங்க?"

"என் கையிலயே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவர் பார்வை தன் இடது கையில் விழுந்தது. அங்கேதான் குழந்தை படுத்திருந்தது.

"சட்டையோட இடது கை மட்டும் கசங்கியிருந்தது அதனாலதான். கடையில அதை மடிச்சு விட்டுக்கிட்டு நாள் முழுக்க அடிச்சுக் காட்டுறீங்க. வீட்டுக்கு வந்து மணிக்கட்டோட கழுவுறீங்க."

"இந்த வீட்டுல வாசனையே கூடாதுன்னு சொன்னவன் சார் நான். எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அதுலயே இருக்கிறவங்க மூக்குக்கும் கூட இருக்கிறவங்க மூக்குக்கும் அது தெரியாது. மச்சான், மத்தியானத்துலேர்ந்து இங்க எத்தனை தரம் தும்மின?"

மைத்துனர் யோசித்தார். ஒரு தரம்கூட இல்லை. எழுந்துபோய்த் தகப்பனின் முழங்கையருகே குனிந்தார். அடுத்த கணம் வீடு அதிரத் தும்மினார். பெருக்காத அறையின் மேல் போட்ட பழியை மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. தகப்பன் அவசரமாகக் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சுவர் ஓரமாய்ப் போய் நின்றார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. "இனிமே நான் தொடவே மாட்டேன்" என்றவர், ஆயாவைப் பார்த்ததும் உடைந்துவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடமாகப் போயிற்றே, உங்களை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று அழுதார்.

ஆயாவின் மனதில் பட்ட காயம் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா என்ன? ஆனால் சுவரோடு ஒட்டி நின்றவரைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வாங்க தம்பி" என்று குழாயடிக்கு அழைத்துப்போனாள். "தோள்லேர்ந்து தேய்ங்க. மடிப்புல நல்லா."

துடைத்துக்கொண்டு வந்து கையை நீட்டினார். எல்லாரும் மைத்துனரைப் பார்த்தார்கள். அவர் குனிந்தார், தும்மினார். தகப்பன் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய் இன்னொரு தரம் தேய்த்தார். அடுத்த சோதனைக்கு மைத்துனர் முழங்கையை ஏறக்குறைய மூக்கால் தொட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அவசரப்படாமல் நின்றார்.

தும்மல் வரவில்லை.

ஆயா தாயிடமிருந்து குழந்தையை வாங்கினாள். தன் தோள்துணியைத் தகப்பனின் முழங்கையில் விரித்து, அதன்மேல் குழந்தையின் தலையை வைத்தாள்.

"நாளைக்குக் காலைல நான் வந்து கழுத்தைப் பார்ப்பேன்" என்றாள்.