நாற்பது பாடங்களும் ஒரு கள்ளக் கையெழுத்தும்

காவல் நிலையத்து டெலிபோன் அலறியபோது சப்-இன்ஸ்பெக்டர் எஸ்றாவின் வாயில் பாதி இட்லி இருந்தது.

எடுத்தான்.

"சார்... பெர்லினைப் போட்டுட்டாங்க சார்."

ஆண் குரல். நடுங்கியது. லைனில் ஒரே இரைச்சல்.

"யாரு பெர்லின்? எங்க?"

"பேராசிரியை சார். நம்ம பயிற்சி நிறுவனத்துல. ஒரே சிவப்பா இருக்கு... நாப்பது எடத்துல சார்."

லைன் அறுந்தது.

நாற்பது இடம்! எஸ்றா மென்று கொண்டிருந்ததை அப்படியே விழுங்கினான். இந்தச் சரகத்துக்கு வந்த இந்த நாலு வருஷத்தில் அவன் பார்த்த பெரிய குற்றம் ஆடு திருட்டு.

ஜீப் பாளையங்கோட்டைத் தெருக்களில் சீறியது. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் வாசலில் முதல்வர் தானியேல் காத்திருந்தார். பொறுப்பேற்று மூன்றே மாதம். கழுத்தில் டை, நெற்றியில் வியர்வை.

"பாடி எங்க சார்?"

தானியேல் விழித்தார். "பாடியா? நோட்டுதான் இருக்கு. ஆபீஸ்ல."

"யாரோ பேராசிரியையைப் போட்டுட்டதா..."

"போன்ல நான் சொன்னது கையெழுத்தை சார். பெர்லின் மேடம் கையெழுத்தை யாரோ போட்டிருக்கான். சிவப்பு மையில, நாப்பது எடத்துல."

எஸ்றா தொப்பியைக் கழற்றினான். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் ஜீப்பைப் பார்த்தான். தானியேல் விடவில்லை. அலுவலகத்துக்கு இழுத்துப் போய், மேஜை மேல் அடுக்கியிருந்த முப்பத்திரண்டு நோட்டுகளைக் காட்டி விளக்கத் தொடங்கினார்.

ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்க வேண்டுமானால் இரண்டு வருஷ டிப்ளமா வேண்டும். டிப்ளமா வேண்டுமானால் செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். தேர்வுக்குப் போக வேண்டுமானால் நாற்பது பாடத்திட்டம் எழுதி, பள்ளிக்கூடத்தில் நடத்திக் காட்டி, வழிகாட்டிப் பேராசிரியையிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். வழிகாட்டி, முனைவர் பெர்லின். முப்பத்தொரு நோட்டில் அவள் கையெழுத்து ஒரே அச்சாக இருந்தது. முப்பத்திரண்டாவதில் மட்டும் வேறு மாதிரி. அட்டையில் பெயர் கிடையாது. தேர்வு எண் மட்டும்தான்.

"பேராசிரியை எங்க?"

இன்று விடுப்பு. போன் அணைந்திருக்கிறது. மாணவிகளின் பெயர்ப் பட்டியலும் அவள் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அந்த எண்ணுக்குரிய மாணவி பேட்டைத் தொடக்கப்பள்ளியில் செய்முறைத் தேர்வுக்குப் போயிருக்கிறாள். இன்றுதான் கடைசி நாள்.

"விட்டா, நாளைக்கு ஒரு போலி டீச்சர் பிள்ளைகளுக்கு முன்னால போயி நிக்கும் சார்," என்றார் தானியேல்.

எஸ்றா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேட்டைக்கு விட்டான்.

இரண்டாம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். தரையில் புளியங்கொட்டைகள். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், பயிற்சி மாணவிகளின் சீருடைப் புடவையில் ஒருத்தி. வயது நாற்பது இருக்கும். காதோரம் நரை.

கடைசி பெஞ்சில் தேர்வாளர் நிலோஃபர். காயல்பட்டினத்துக்காரி, கண்டிப்புக்குப் பெயர் போனவள். எஸ்றாவின் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும் எழுந்தாள். அந்த நோட்டு இல்லாமல் ஒரு மதிப்பெண்ணும் போட முடியாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

எஸ்றா சீருடைப் புடவைக்காரியிடம் போனான்.

"பேரு?"

"பெர்லின்."

"உங்க பேரக் கேட்டேன். நீங்க யாரு கையெழுத்தைத் திருடினீங்கன்னு கேக்கல."

"என் பேருதான் சார் பெர்லின். பேராசிரியையும் நான்தான்."

எஸ்றா சுவரில் சாய்ந்தான். புளியங்கொட்டை ஒன்று உருண்டு அவன் பூட்ஸில் மோதி நின்றது.

அவள் பைய எழுந்து, பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டுச் சொன்னாள். எம்.எஸ்ஸி., எம்.எட்., பி.எச்டி. ஏழு வயசுப் பிள்ளை கழித்தல் கணக்கில் எங்கே தடுக்கி விழுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. கணவன் இறந்த வருஷம், வீட்டின் அமைதி தாங்காமல், சின்னப் பிள்ளைகளோடேயே இருந்துவிடலாம் என்று ஒரு தொடக்கப்பள்ளிக்கு விண்ணப்பம் கொண்டு போனாள். தகுதி இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

"ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்குப் பாடம் நடத்த எனக்குத் தகுதி இருக்கு சார். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு நடத்தத்தான் தகுதி இல்ல. டிப்ளமா வேணுமாம். அதான் சேந்துட்டேன்."

"எங்க?"

"எங்க காலேஜ்லதான். விண்ணப்பத்துல ப்ளஸ் டூ மார்க் மட்டும்தான் கேட்டாங்க. பி.எச்டி. எழுத அதுல கட்டமே இல்ல."

"உங்க வகுப்புக்கு யாரு போனா?"

"எடுத்தது நான். இருந்ததும் நான். வருகைப் பதிவு நூறு சதவீதம்."

எஸ்றா நோட்டைத் திறந்து காட்டினான். "அப்போ உங்க நோட்டுல கையெழுத்து போட்டது..."

"நான்தான். வழிகாட்டி நான்தான, வேற யாரு போட?"

சொந்தக் கையெழுத்தைத் தானே போடுவது எந்தப் பிரிவில் குற்றம்? எஸ்றா மனசுக்குள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினான். ஒன்றும் அகப்படவில்லை. சுண்ணக்கட்டியை நீட்டி, கரும்பலகையில் ஒரு கையெழுத்து போடச் சொன்னான். போட்டாள். முப்பத்திரண்டாம் நோட்டில் இருந்ததும் அதுவும் அச்சு அசல் ஒன்றுதான்.

கேஸ் முடிந்தது. வாசல் வரை போனவன் சட்டென்று நின்றான்.

"மேடம்... இது உண்மையான கையெழுத்துன்னா, மத்த முப்பத்தொரு நோட்டுல இருக்கது?"

பெர்லினின் முகம் வெளுத்தது.

பிறகு அவள் சொன்னாள்.

"ஒரு பேட்ச்சுக்கு ஆயிரத்து இருநூறு கையெழுத்து சார். வேலைக்குச் சேந்த வருசமே கை வீங்கிப் போச்சு. எங்க அட்டெண்டர் சுடலையாண்டி, 'நான் போட்டுருதேன் மேடம்'னாரு. பன்னெண்டு வருசமா அவருதான்."

"உங்க நோட்டுல மட்டும் ஏன் நீங்க?"

"அது என் சொந்த நோட்டுல்லா சார். அதுல பொய்க் கையெழுத்து வைக்க மனசாட்சி உறுத்திச்சு."

எஸ்றா முதல்வருக்குப் போன் போட்டான். சுடலையாண்டியைக் கையோடு கூட்டி வரச் சொன்னான்.

முக்கால் மணி நேரத்தில் தானியேலின் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் ஐம்பத்தெட்டு வயது சுடலையாண்டி. சட்டைப்பையில் சிவப்புப் பேனா. மறுக்கவே இல்லை.

"போட்டது நான்தான் சார். ஆனா படிக்காம ஒண்ணுலயும் போட்டதில்ல. தப்பு இருந்தா ஓரத்துல குறிப்பு எழுதுவேன். திருத்திக் கொண்டாந்தாத்தான் போடுவேன்."

"என்ன படிச்சிருக்கீரு வே?"

"எட்டாப்பு."

பின்னாலிருந்து ஒரு நாற்காலி விழும் சத்தம்.

நிலோஃபர்! கண்டிப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே நிறுவனத்தில், பெர்லினிடமே படித்தவள் அவள்; காலையிலேயே அடையாளம் தெரிந்தும், தேர்வு தேர்வுதான் என்று காட்டிக்கொள்ளாமல் இருந்தாள்.

"'நீ நல்லாத்தான் பேசுத. பிள்ளையை எப்பம்மா பேச விடுவ?'... என் பதினோராவது பாடத்துல சிவப்பு மையில இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி அழுதேன். நான் டீச்சர் ஆனதே அந்த ஒரு வரியாலதான். அது நீங்களா?"

"காயல்பட்டினத்துப் பிள்ளையா நீ? அதுக்குப் பொறவு நல்லா எழுதின," என்றார் ஆண்டி.

எஸ்றா விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஆண்டியைக் கைது செய்தால் பன்னிரண்டு வருஷத்தில் தேறிய அத்தனை ஆசிரியர்களின் டிப்ளமாவும் காற்றில் பறக்கும். நிலோஃபருடையதும்தான். அப்புறம் பெர்லினைச் சோதிக்கத் தேர்வாளரே கிடையாது. விட்டுவிடலாம் என்றால், நிறுவனத்தின் கோப்பில் இருக்கிற மாதிரிக் கையெழுத்தும் ஆண்டி போட்டதுதானாம். அதன்படி உண்மையான பெர்லின்தான் போலி.

மணி இரண்டு. தேர்வு ஐந்து மணிக்கு முடிகிறது.

"இந்த வருசம் விட்டா இனிமே சேர முடியாது சார்," என்றாள் பெர்லின். கணவனை இழந்தவர்களுக்கு நாற்பது வயது வரைதான் சலுகை. அவளுக்குப் போன மாதம் நாற்பது முடிந்திருந்தது.

ஆண்டி கையை நீட்டினார். "நோட்டைக் குடுங்க. நானும் ஒண்ணு போட்டுருதேன். ஆபீஸ்ல உள்ளதோட ஒத்துப் போயிரும்."

வாங்கினார். போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்! ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு முதல்வர், ஒரு தேர்வாளர், ஒரு முனைவர்... நான்கு பேரும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

பதினேழாம் பாடத்தில் சிவப்புப் பேனா நின்றது.

"இது சரியில்ல மேடம்."

"என்ன ஆண்டி சொல்லுதீங்க?"

"ஆறுன்னு தலைப்பு. நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, படம் ஒட்டியிருக்கீங்க. பிள்ளைகளை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகவே இல்லையே. இதுக்கு எப்படிப் போட?"

ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள், முதல் வருஷ மாணவி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போக, பள்ளியின் தலைமையாசிரியை ஒரு நிபந்தனையோடு அனுமதித்தாள்: ஒரு பிள்ளையின் கால்கூட நனையக் கூடாது. ஜீப் மூன்று நடை அடித்தது. நாலு மணிக்குக் குறுக்குத்துறை ஆற்றுப் படிகளில் பத்தொன்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எஸ்றா கீழ்ப்படியில் கையை விரித்துக் காவல் நின்றான். பெர்லின் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள். தாமிரபரணி எங்கேயிருந்து வருகிறது, ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது, இதில் யாரெல்லாம் குளிக்கிறார்கள் என்று அவள் கேட்கக் கேட்க, பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பதில் சொன்னார்கள். நடுவில் ஒருத்தி, "டீச்சர், நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள். பெர்லின் திரும்பித் தேர்வாளரைப் பார்த்தாள்.

நிலோஃபர் மதிப்பெண் போட்டாள். ஆண்டி படியிலேயே குந்தி நாற்பது கையெழுத்தும் போட்டார். மணி ஐந்துக்கு எட்டு நிமிஷம்.

எஸ்றா ஒரு வெள்ளைத்தாளை முதல்வரிடம் நீட்டினான். புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் கேஸே இல்லை என்றான். தானியேல் நிம்மதியாக நாலு வரி எழுதினார். எழுதி முடித்து, தாளைப் பக்கத்தில் தள்ளினார்.

"ஆண்டி... வழக்கம்போல நம்ம கையெழுத்தைப் போட்டுரும் வே."

எஸ்றா அவரைப் பார்த்தான். ஆண்டியைப் பார்த்தான். தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு அவனும் அந்தப் படியில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி... அப்படியே ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வாங்க. எங்க ரோந்து நோட்டு ஆறு மாசமா பாக்கி கெடக்கு!"