படித்துப் புரிந்துகொண்டேன்

தோசையைத் திருப்பிப் போடும் நேரத்தில் மகளின் உயிரணுக்களுக்கு அனுமதி கொடுப்பது தெய்வானையின் அன்றாட வேலை. நிலாவின் மூன்றாம் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கண்ணுக்குள் கேள்வி மின்னும். இமையை அழுத்தி மூடினால் ‘படித்துப் புரிந்துகொண்டேன், சம்மதம்’. பார்வையை ஓரம் திருப்பினால் ‘பிறகு’.

நிலாவின் கதிர்வீச்சில் புற்றுநோய் வீடு தவறாமல் புகுந்த காலத்தில் வந்த சட்டம் அது. உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் புரத இழைகளாலான சட்டகம் உண்டு. வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால் அந்தச் சட்டகம் ஒரு பக்கம் கலைந்து மறுபக்கம் நீளும், உயிரணு நகரும். புண்ணை ஆற்றப் போகும் அணுவும், உடலெங்கும் பரவக் கிளம்பும் புற்றணுவும் நகர்வது இப்படித்தான். ஆகவே சமிக்ஞைக்கும் சட்டகத்துக்கும் நடுவே ‘காவலன்’ என்ற நுண்பொறியை ஊசியால் ஏற்றினார்கள். அதற்கு நல்லது கெட்டது தெரியாது, கேட்க மட்டும் தெரியும். மனிதர் படித்துச் சம்மதிக்காமல் எந்த அணுவும் நகராது. குழந்தைகளுக்காகப் பெற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். மனிதர்கள் படிப்பார்கள் என்று நம்பிய அந்தப் புண்ணியவான்களை என்ன சொல்வது!

போன வருடம் மகள் கயல்விழி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். வேலை மும்முரத்தில் தெய்வானை வந்த கேள்விகளையெல்லாம் ‘பிறகு’ என்று தள்ளினாள். புண் சீழ் வைத்து, காய்ச்சல் அனலாய்க் கொதித்தது.

“வெள்ளணு எல்லாம் கிளம்பத் தயாரா நிக்குதும்மா. நீங்க சரின்னு சொல்லத்தான் காத்துக்கிட்டிருக்கு,” என்றார் டாக்டர் ஜெபராஜ்.

பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து தெய்வானை எதையும் தள்ளவில்லை. கொஞ்ச நாள் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்புறம் முதல் வரியை மட்டும் படித்தாள். அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு காலையில் இப்படி ஒரு கேள்வி வந்தது: ‘வலது தொடையெலும்பின் உயிரணுக்கள் சில நுரையீரலுக்கு இடம்பெயர விரும்புகின்றன. அனுமதிக்கிறீர்களா?’

தோசை கருகிக்கொண்டிருந்தது. தெய்வானை இமையை அழுத்தினாள்.

கயல்விழிக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை. படம் எடுத்துப் பார்த்த ஜெபராஜ், தொடையெலும்பிலிருந்து நுரையீரலுக்குப் பரவியிருந்த புற்றைச் சுட்டிக்காட்டினார்.

“முன்னெல்லாம் இந்த நோய் யாரையும் கேக்காம பரவும். இது உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போயிருக்கும்மா.”

தெய்வானை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். “எதாச்சும் பண்ணுங்க டாக்டர். ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு.”

“ஒரு மருந்து இருக்கு. உடம்பு பூரா சட்டகத்தை உறைய வெச்சிடும். புற்று நகராது. ஆனா வெள்ளணுவும் நகராது, சின்னக் கீறல்கூட ஆறாது. விவரம் எல்லாம் அனுப்பியிருக்கேன். இதையாவது முழுசாப் படிச்சுட்டு...”

அவர் சொல்லி முடிப்பதற்குள் தெய்வானை இமையை அழுத்தியிருந்தாள்.