நினைவில் இல்லாத சண்டை

“ஜெப்சி... இப்போ சுகந்தானே?”

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் மழையைப் பார்த்தபடி நின்றவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். முன்பின் அறியாத ஒருவன்... நனைந்த சட்டையோடு. ஆனால் அந்தக் கண்கள்? வெகுநாளாய்த் தேடியவளைக் கண்டுகொண்டதுபோல் மலர்ந்திருந்தன.

“உங்கள எனக்குத் தெரியாது. பேரச் சொல்லிக் கூப்பிட யாரு நீங்க?”

வெடுக்கென்று கேட்டுவிட்டாள். அவன் முகம் வாடிப்போயிற்று.

“எபின். ஆரல்வாய்மொழியில கரண்டு எடுக்குத காத்தாடிக் கம்பெனியில வேலை. எனக்க அம்மைக்கு முதுகு ஸ்கேன் எடுக்க வந்தேன்...” தயங்கினான். “மூணு மாசம் முன்ன தோவாளை பஸ்ஸுல எங்கூட சண்ட போட்டீங்க. மழைக்கு ஷட்டரத் தொறக்கணுமா, மூடணுமான்னு.”

அந்த பஸ்ஸா! 

டீச்சராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் வலிப்பு வந்தது என்று வீட்டார் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். நாற்பது நிமிடம் நிற்காத வலிப்பு. மூளைப் படத்தில், நினைவுகளைப் பதிந்துகொள்ளும் பகுதி வீங்கி வெள்ளையாகத் தெரிந்ததாம். கட்டியோ, கிருமியோ என்று வீடே பதறியது. “நீண்ட வலிப்பே இப்படி ஒரு மாற்றத்த உண்டாக்கலாம். மூணு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்” என்றார் டாக்டரம்மா. இன்று மறுபடி எடுத்தாகிவிட்டது. அப்பா செல்வதாஸ் ரிப்போர்ட்டுக்காக உள்ளே காத்திருந்தார்.

“சண்டையில யாரு ஜெயிச்சா?” என்றாள் மெல்ல.

“நீங்கதான். மூடிட்டு ஒரு சிரிப்பு வேற... பொறவு ஊர்க்கதையெல்லாம் பேசிட்டு வந்தீங்க. அப்பத்தான்...” மழையைப் பார்த்தபடி தொடர்ந்தான். “ஒருக்களிச்சுக் கெடத்தி, தலையத் தாங்கிட்டு இருந்தேன். டிரைவர் பஸ்ஸ நேரா ஆஸ்பத்திரிக்கே விட்டாரு.”

“அதுக்குப் பொறவு ஒரு தடவகூட எட்டிப் பாக்கல்லியே?”

“நாலு நாளு வந்தேன். உங்க அப்பா...” சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

செல்வதாஸ் பின்னால் நின்றிருந்தார்.

“நான்தான் மக்களே இவன வரண்டாம்னு சொன்னேன். வலிப்பு விசயம் வெளிய தெரிஞ்சா நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம்...” பாதியில் நிறுத்தி, “டாக்டர் கூப்பிடுதாங்க” என்றார்.

வீக்கம் முழுவதும் வடிந்திருந்தது. கட்டி இல்லை, கிருமி இல்லை. ஆனால் வீங்கிய அந்த இடம் இப்போது கொஞ்சம் சுருங்கியிருந்தது. அன்றைய நினைவு திரும்பாது என்றார் டாக்டரம்மா. இனியும் சிலது மறக்கலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது.

ஜெப்சி நேரே அவனிடம் வந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மறைத்து மறைத்தே மூன்று மாதம் மூச்சு முட்டிப் போயிருந்தது அவளுக்கு.

“இன்னும் வலிப்பு வரலாம். நீங்க சொன்னது நாளைக்கே மறந்து போலாம். பரிதாபப்பட்டு நிக்கியீங்கன்னா இப்பவே போயிருங்க.”

“பரிதாபமா?” அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. “வலிப்பு வரதுக்கு முன்னயே... பேசிட்டு வந்த அந்த இருபது நிமிசத்துலயே எனக்கு உங்களப் பிடிச்சுப் போச்சு. மறந்தா மறந்துட்டுப் போட்டும். நான் திரும்பவும் சொல்லுவேன். எத்தன தடவன்னாலும்.”

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்களும்தான். அப்பா இரண்டடி தள்ளி நிற்கிறார்... கேட்கட்டும்.

“எனக்கு உங்கள ஞாபகமே இல்ல எபின். ஆனாலும்... பிடிச்சிருக்கு.”

 செல்வதாஸ் மெல்ல வந்து எபினின் நனைந்த கையைப் பற்றிக்கொண்டார்.

“மன்னிச்சிரு மக்கா...”