எங்கே என்ற கட்டம்

காலை ஏழு பத்து. காரின் இடப்பக்கக் கண்ணாடி கழன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா தம்பி! தலபாடா அடிச்சுக்கிட்டேன், அந்தப் பொண்ணு கையில வண்டியக் குடுக்காதன்னு. உன் பொண்டாட்டி கேட்டாளா?" நாத்தனார் வாசலிலிருந்தே கத்தினாள்.

கணவன் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "இன்னைக்கு லைசென்ஸ் டெஸ்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சாவியக் குடு."

மனைவி சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். பதினொரு மாதம்! வேலையை விட்டுவிட்டு, தினமும் மகளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவள். மகளுக்கு இருபத்திரண்டு வயது, ஆட்டிசம். பின்னால் ஹாரன் அடித்தால் காதைப் பொத்தாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கப் பழகவே மூன்று மாதம் ஆயிற்று.

"அவ இடிக்கலைங்க. இடிச்சிருந்தா சொல்லியிருப்பா. அவளுக்குப் பொய் வராது."

"அப்ப கண்ணாடி தானா எறங்கி வந்துச்சாக்கும்! அன்னைக்கே அவளச் சேத்துவிட அந்த விடுதி ஃபாரத்துல கையெழுத்துப் போட்டிருந்தா இந்தக் கூத்தெல்லாம் உண்டா? ஏழு கிலோமீட்டர்தான். வாராவாரம் போய்ப் பாத்துட்டு வந்திருக்கலாம். கிழிச்சுப் போட்ட!"

"கிழிச்சேன் அண்ணி... இன்னொரு தடவ வந்தாலும் கிழிப்பேன்."

மகள் நோட்டுடன் வந்தாள். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் கிலோமீட்டரை எழுதிவைப்பாள். பக்கத்தில் 'எங்கே' என்று ஒரு கட்டம். காருக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, நேத்து அஞ்சு மணிக்கு நான் நிறுத்தினப்ப கடைசி ரெண்டு நம்பர் ஜீரோ ஆறு. இப்ப இருபது. பதினாலு கிலோமீட்டர் நான் ஓட்டல. நீ ஓட்டினியா?"

"இல்லம்மா."

"அத்தைக்கு ஓட்டத் தெரியாது."

செய்தித்தாள் அசையவில்லை. நேற்று மாலை, தெருமுனையில் டயருக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன்.

"தம்பி... நீயா?" நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது.

"திரும்பி வரும்போது கேட் தூண்ல லேசா பட்டுச்சு. சொல்லலாம்னுதான் இருந்தேன்..."

"அடப்பாவி! நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே, கல்லு மாதிரி கேட்டுட்டு உக்காந்திருந்தியே!" நாத்தனார் தம்பி மனைவியின் கையைப் பிடித்தாள். "மனசுல வச்சுக்காதம்மா..."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கண்ணாடியை அவள் நினைக்கவே இல்லை. போக ஏழு, வர ஏழு.

கணவனைப் பார்த்தாள். அவன் செய்தித்தாளை மடித்தான். மறுபடி மடித்தான்.

அழுகை வரவில்லை. டேப்பை எடுத்துவந்து கண்ணாடியை ஒட்டினாள். மகளிடம் சாவியைக் கொடுத்தாள்.

"எட்டரைக்கு அங்க இருக்கணும். கிளம்பு."

மகள் பெல்ட்டைப் போட்டாள். நோட்டைத் திறந்தாள். பேனா நின்றது. ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பதினாலு கிலோமீட்டருக்கு நேரா ஒண்ணும் இல்ல. எழுதணும். எங்க போனீங்கப்பா?"