வலது பெட்டி

கேசட்டில் மூர்த்தி “சந்திரா” என்று கூப்பிடுவதற்குக் கண்ணிமைக்கிற நேரம் முன்னால், வலது பக்கத்துப் பெட்டிக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன சந்திரகலா பாதியில் நிறுத்தினாள்.

“பாய், இப்ப ஒண்ணு கேட்டுச்சே?”

கவுஸ் பாஷாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் அவர் இல்லை. தேரடி வீதியில் இருபது வருஷமாக ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற மனுஷன், தான் ஒயர் மாட்டிய ஸ்பீக்கர்களைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் மூர்த்தி, மனைவிக்கென்று வாங்கிக் கப்பலில் போட்ட ஜோடி அது. நாலு மாதம் கடல் பார்த்துவிட்டு முந்தாநாள்தான் வேங்கிக்காலுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். லாரியிலிருந்து இறக்க நாலு பேர், யோசனை சொல்ல நாற்பது பேர். எண்பத்து நாலில் அந்தப் பக்கத்தில் மொத்தமே பதினோரு வீடு. பதினோரு வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. சோதனைக்கென்று பாஷா ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டபோது, ஊருக்கு அந்தக் கோடியில், செங்கம் ரோட்டு ஆசிரமத்தில் தியானத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் கண் திறந்திருப்பார்கள். அதில் சந்தேகமே வேண்டாம்.

“இத்தன நாளா அந்தக் கையகல செட்டுல உங்க வூட்டுக்காரரு குரலக் கேட்டீங்களே, அது சாவித் தொளையில எட்டிப் பாக்கறது தங்கச்சி. இப்ப கதவே தொறந்தாச்சு. டெக்கு, ஆம்ப்ளிஃபயரு எல்லாம் சமையல்காரங்க. பரிமாறறது ஸ்பீக்கரு. அவன் சரியில்லன்னா விருந்தே வீண்.”

“இங்க வேற யாருக்கோ எல போட்டிருக்கற மாரி இருக்கு பாய். மறுபடி போடுங்க.”

போட்டார். மூச்சு. பிறகு “சந்திரா.”

“அட, ஆமா.” பாஷா தலையைச் சொறிந்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டெக்கின் வாயைத் துடைத்தார். மறுபடியும் மூச்சு. “அவரு பக்கத்துல ஏசி மிஷினு எதனா ஓடுதோ என்னாவோ. அவரு செட்டுல ரெண்டு மைக்கு, ரெண்டு பொட்டியிலயும் வேற வேற கேக்கும். இந்தத் திருகு இருக்கு பாருங்க, இப்பிடித் திருப்புனா எடது மட்டும், அப்பிடித் திருப்புனா வலது மட்டும். உங்க பழைய செட்டு ஒத்த மைக்கு. அதுல நீங்க என்னா பேசுனாலும் ரெண்டு பக்கமும் அச்சு ஒண்ணாத்தான் வரும்.”

“நாளைக்குக் காலையில மெட்ராஸ் பஸ்ஸு. நாங்களே அவருகிட்ட பிளேன்ல போயிடறோம். இத யாரு கேக்கப் போறாங்க?”

“அதுக்காகக் கட்டுப் பிரிக்காம பூட்டிட்டுப் போவாங்களா? உள்ள கடல் ஈரம் ஏறியிருந்தா என்னா பண்ணுவீங்க? நல்லாக் கேட்டுப் பாருங்க. நான் வர்றேன், மழ புடிச்சிக்கும். என் சைக்கிளுக்கு பிரேக்கு கம்மி, வேகம் ஜாஸ்தி.”

அவர் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. மணி மூன்றுதான். ஆனால் மலையின் தலைமேல் ஏறி உட்கார்ந்த மேகம் வேங்கிக்கால் வரைக்கும் காலை நீட்டியிருந்தது. கூடத்தில் விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு. ஈரச் சிமெண்டு வாசனையும், புதுப் பெட்டிகளின் மர வாசனையும், அதற்கு அடியில் இன்னதென்று சொல்ல முடியாத, ரொம்ப நாள் மூடிக் கிடந்த அறையின் வாசனையும் கலந்து நின்றன. ஆறு வயது மகள் பொன்னி பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையிடம் ஊருக்குப் போகிற கதையை அளந்துகொண்டிருந்தாள். அவள் சிரிப்பு மட்டும் சுவரைத் தாண்டி அவ்வப்போது விழுந்தது.

சந்திரகலா திருகை வலது பக்கம் முழுக்கத் திருப்பினாள்.

பொம்பளைதான். வேறென்ன? அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ராத்திரி பகல் தெரியாமல் உழைக்கிறேன் என்று கதை சொல்லிவிட்டு, கேசட் பேசும்போதுகூட பக்கத்திலேயே ஒருத்தியை உட்கார வைத்துக்கொண்டிருக்கிறான். இருக்கட்டும். ஏரோப்ளேன் படியிலேயே வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டியின் கறுப்புத் துணியில் காதை ஒட்டவைத்தாள்.

ஸ்பீக்கர் என்றால் அது ஸ்பீக்கர். பழைய செட்டில் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிறவனாகத்தான் மூர்த்தி இருந்தான். இப்போது அவன் நாக்கு அண்ணத்தில் ஒட்டி விடுபடுவது கேட்டது. நாற்காலியின் கால் தரையில் அரைவது கேட்டது. தூரத்தில் குழாய் ஒன்று சொட்டுவதும், ஜன்னலுக்கு வெளியே மணல் காற்று உரசுவதும், எல்லாவற்றுக்கும் முன்னால், துணிக்கு அந்தப் பக்கத்தில் விரற்கடை தூரத்தில், அந்த மூச்சும் கேட்டது. மூச்சு மட்டும் இல்லை. அது பேசிக்கொண்டிருந்தது. உமியை உள்ளங்கையில் தேய்ப்பது மாதிரி ஒரு குரல். ஆண் என்றும் சொல்ல முடியாது, பெண் என்றும் சொல்ல முடியாது.

“நான் நல்லா இருக்கேன்.”

அவள் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

இடது பெட்டியில் மூர்த்தி சொன்னான்: “நான் நல்லா இருக்கேன்.”

வலது பெட்டி: “இங்க வூடு பாத்துட்டேன்.”

மூர்த்தி: “இங்க வூடு பாத்துட்டேன்.”

வாத்தியார் சொல்லச் சொல்ல ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. ஒரு வார்த்தைகூட அவன் சொந்தமாகச் சொல்லவில்லை. வாசல் பக்கத்து முருங்கை நல்லா இருக்குதா என்று அவன் கேட்டதைக்கூட அது முன்னாலேயே கேட்டுவிட்டது. அந்த முருங்கையைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்?

பிறகு அந்த இடம் வந்தது. பழைய செட்டில் அவள் பத்துத் தடவை கேட்டு, பாவம், பாசத்தில் தொண்டை அடைக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட இடம்.

“பொன்னியையும்,” என்றது வலது பெட்டி.

இடதில் சத்தம் இல்லை. குழாய் சொட்டியது.

“பொன்னியையும்.”

மூர்த்தி மூக்கை உறிஞ்சினான். நாற்காலி நடுங்கியது. மரத்தில் நகம் கீறியது.

“பொன்னியையும்.”

“பொன்னியையும்,” என்றான் மூர்த்தி, “கூட்டிக்கினு வா.”

வெளியே மழை இறங்கியது. அவள் பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்துப் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். ஆனி மாதக் கேசட்டில் ஒன்றுமில்லை. இரண்டு பெட்டியிலும் மூர்த்தி, மூர்த்தியின் சிரிப்பு. “பொங்கலுக்கு வந்துடுவேன்டி. அந்த ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கினு மலையப் பாத்துக்கினு உக்காரணும். இந்த ஊரு போதும்.” ஆடியில், வலது பெட்டியின் அடி ஆழத்தில், கதவுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு மூச்சு. ஆவணியில் அது கட்டில் வரைக்கும் வந்திருந்தது. புரட்டாசியில் நாற்காலிக்குப் பின்னால். அந்த மாதம்தான் மூர்த்தி பொங்கலைப் பற்றிப் பேசவில்லை. “ஒண்டியா இருக்க முடியல சந்திரா” என்று மட்டும் சொல்லியிருந்தான். அதையும் அதுதான் முதலில் சொல்லியிருந்தது.

போகப்போவதில்லை.

அந்த முடிவு வந்ததும் அவளுக்கு உடம்பு லேசாயிற்று. டிக்கெட் கிடக்கட்டும். நாளைக்கு பஸ் ஏற வேண்டாம். பாஷாவிடம் சொல்லி, மஸ்கட்டில் தெரிந்தவர்கள் யாராவது மூர்த்தியைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம். போலீசுக்குத் தந்தி கொடுக்கலாம். எது வேண்டுமானாலும் செய்யலாம். பொன்னியை மட்டும் அந்த வீட்டு வாசல்படி மிதிக்க விடக்கூடாது. கூப்பிட்டது அவன் இல்லையே.

கூப்பிட்டது அவன் இல்லை. சரி. ஆனால் வருகிறோம் என்று முதலில் சொன்னது?

அவள்தான்.

புரட்டாசியில், அவன் ஒண்டியாக இருக்க முடியவில்லை என்றதற்கு, இதே கூடத்தில், இதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய செட்டில் அவளே பேசி அனுப்பினாள். அவளாக யோசித்ததுதான். அடுப்படியில் திடீரென்று தோன்றியது. பால் பொங்குவதைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்து பேசினாள். மூர்த்திக்குப் புதுக் கேசட் கிடைக்கவில்லை என்று அதே கேசட்டின் மறுபக்கத்தில்தான் பதில் பேசி அனுப்பியிருந்தான்.

பாஷா முதலில் போட்ட அந்தக் கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டாள்.

ஒத்த மைக்கு. ரெண்டு பக்கமும் அச்சு ஒண்ணாத்தான் வரும்.

இடது பெட்டியில் அவள் வீட்டுக் கூடம் இருந்தது. பாஞ்சாலை வீட்டுக் கோழி. தெருவில் சைக்கிள் மணி. அவள் தொண்டையைக் கனைத்துக்கொள்வது.

வலது பெட்டியில் மூச்சு.

தூரத்தில் இல்லை. கதவுப் பக்கத்தில் இல்லை. காதுக்குள்.

“ன்னாங்க,” என்றது.

“ன்னாங்க,” என்றாள் அவள், இடது பெட்டியில், சந்தோஷமாக.

“நாங்களே அங்க வந்துடறோம்.”

“நாங்களே அங்க வந்துடறோம்.”

சந்திரகலா ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் சுவரிலிருந்து தெறித்து வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. கேசட் நின்றது. மழை மட்டும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சுவர்தான். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நாலடி. அந்த நாலடியை அவள் பார்க்கவில்லை. பிடரி மயிர் ஈரமாக இருந்தது. வியர்வை. வியர்வையாகத்தான் இருக்க வேண்டும்.

வாசல் கதவு திறந்தது. பொன்னி. நனைந்த தலை, கையில் பாஞ்சாலை கொடுத்த முறுக்கு. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. போகவில்லை. நாம் எங்கேயும் போகவில்லை. ஓடு, பாஞ்சாலை வீட்டுக்கு ஓடு. மூன்று வார்த்தை போதும். சந்திரகலா மூச்சை இழுத்தாள்.

கரண்ட் இல்லாத வலது பெட்டி சொன்னது:

“நாளைக்கு அப்பாகிட்ட போறோம் பொன்னி.”

அவள் பல்லைக் கடித்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். நாக்கு உள்ளே தானாகப் புரண்டது. விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

“நாளைக்கு அப்பாகிட்ட போறோம் பொன்னி,” என்றாள், சந்தோஷமாக.

மழை. முறுக்கு கீழே விழுந்தது.

“சரிம்மா,” என்றது வலது பெட்டி.

நிலைப்படியில் பொன்னி நின்றுகொண்டிருந்தாள். உதடு இன்னும் பிரியவில்லை. கண் மட்டும் அம்மாவுக்குப் பின்னால், அந்த நாலடியில், எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

உதடு பிரிந்தது.