தூக்குவாளித் தண்ணீர்

வண்டி நின்றது, தவளைச் சத்தமும் கூடவே நின்றது.

அய்யாக்கண்ணு ஜன்னலோரம் எட்டிப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு போர்டு இல்லை, சிக்னல் விளக்கு இல்லை, பெட்டியில் பேச்சுத்துணைக்கு இருந்த கிழவரும் செந்துறையிலேயே இறங்கிப் போய்விட்டார். வண்டி நின்றதால் மஞ்சள் பல்பு மங்கிக்கொண்டே போக, கரிப்புகையும், பிரித்து வைத்த புளிச்சோற்றின் நல்லெண்ணெய் வாசமும், மகள் செங்கமலத்தின் காய்ச்சல் மூச்சும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடித்தன.

"ஒரு வாய் தின்னு தாயி. கட்டிக் குடுத்த காத்தாயி அத்தை கோச்சிக்கும்ல."

"அத்தைதான் இங்க இல்லியே. தண்ணி குடுப்பா."

தூக்குவாளியின் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான். கொதித்து ஆறிய சீரகத் தண்ணீர். வேறு தண்ணீர் தொண்டையில் இறங்கினால் பிள்ளை பிழைக்காது என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எழும்பூர் போய்ச் சேருகிறவரை இந்த வாளிதான். பெண்டாட்டியைப் போன வருசம் புதைத்தவனுக்கு, பேசிக்கொண்டே சோறு தின்ன இவளை விட்டால் ஆளில்லை.

"அண்ணே, தண்ணி."

ஜன்னலுக்குக் கீழே இருட்டிலிருந்து குவிந்த இரண்டு கைகள் மட்டும் வெளிச்சத்துக்குள் வந்தன. பெண் கைகள்.

ரெட்டிபாளையத்தில் கல் உடைக்கப் போவதற்கு முன்னால், பண்ணையில் கூலிக்கு நின்ற காலமெல்லாம் அவனும் அப்படித்தான் குனிந்து கையேந்தியவன். மேலிருந்து ஊற்றுவார்கள், பாதி முழங்கை வழியே ஓடிப்போகும், பாத்திரத்தைத் தொட விடமாட்டார்கள். அந்தக் கைகளின் மேல் அவனால் ஊற்ற முடியவில்லை. ஜன்னலில் ஒரு கம்பி உடைந்திருந்தது. அந்தச் சந்தில் வாளியையே நீட்டினான்.

"புடிங்கம்மா. ஒரு மடக்கு குடிச்சிட்டுக் குடுங்க. புள்ளைக்கு வேணும்."

"வாய் வைக்கலாங்களா?"

"வைங்க. அதுக்கென்ன."

களக். களக்.

வண்டி குலுங்கி நகர்ந்தது.

"குடுங்கம்மா, வண்டிய எடுத்துட்டான்."

களக். களக். சத்தம் ஜன்னலோடு கூடவே வந்தது. ஓடுகிற காலடி கேட்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. சக்கரம் வேகம் பிடித்தது, பல்பு பளிச்சென்று எரிந்தது, தந்திக் கம்பங்கள் பின்னால் பறந்தன. வாளியும் அதைப் பிடித்த கைகளும் ஜன்னலுக்கு நேராக அப்படியே நின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

"அம்மா. காய்ச்சக்காரப் புள்ளம்மா. கொஞ்சம் மிச்சம் வைங்க."

குடிக்கிற சத்தம் நின்றது.

"புள்ளைக்குமா தாகம்?"

மர ஷட்டரை இழுத்துச் சாத்தினான். இரண்டு கையாலும் அழுத்தினான். நெற்றியையும் வைத்து அழுத்தினான். வெளியே சத்தமில்லை. சக்கரம் மட்டும்.

களக்.

முதுகுக்குப் பின்னால்.

களக்.

திரும்பினான். செங்கமலம் பலகையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தூக்குவாளி அவள் வாயில் இருந்தது. வாளி நிறையத் தண்ணீர். விளிம்பில் கறுப்பாக வழிந்தது. சேற்று வாசம்.

"போதும் தாயி. கீழ வையி."

அவள் வைக்கவில்லை. அவளுடைய சின்னக் கைகள் இரண்டும் வாளியைப் பிடித்திருந்தன. அவற்றின் மேல், ஈரமாக, இன்னும் இரண்டு கைகள். பெற்றவள் பிடித்துக் குடிக்க வைப்பதுபோல, மெல்ல மெல்ல, வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தன.